தெருவைத் தாண்டிய ஒயர்

எங்கள் தெருவின் நடுவே மாநில எல்லை ஓடுகிறது. வளவனூரைத் தாண்டிப் புதுச்சேரி போகும் வழியில் இப்படிப்பட்ட தெருக்கள் உண்டு. இந்தப் பக்கம் நாங்கள், விழுப்புரம் மாவட்டம். எதிர்ப்பக்கம் புதுச்சேரி. அங்கே என் தங்கை வீடு. மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷங்களில் எங்கள் பக்கம் கும்மிருட்டாகக் கிடக்கும். அவள் வீட்டில் மிக்சி ஓடும். எனக்கு வயிறு எரியும். உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்?

நானும் அவளும் அப்போது பேசிக்கொள்வதில்லை. தன் மகள் சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு என்னைப் போனில் அழைத்தாள். எதிர்வீட்டு அக்காவை! நாலு எட்டு வைத்து வந்து, வெற்றிலைத் தட்டை நீட்டி, "வந்துடுக்கா" என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. நானும் போகவில்லை. அதோடு பேச்சு நின்றது.

நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்துத் திண்டிவனம் சந்தைக்கு அனுப்புவது என் தொழில். பிளைவுட் பெட்டி, உள்ளே பல்பு, அந்தச் சூட்டில் முட்டைகள். கரண்ட் போனால் சூடு போகும்; சூடு போனால் ஓட்டுக்குள்ளேயே குஞ்சு செத்துவிடும். அன்று சாயங்காலம் பெட்டி நிறைய முட்டை, பொரிக்கும் தறுவாயில். ஒன்றை எடுத்துக் காதில் வைத்தால் உள்ளே கொத்துவது கேட்டது. இன்வர்ட்டரோ சார்ஜ் ஏறவே நேரமில்லாமல் கைவிட்டிருந்தது. பெட்டிமேல் கோணிப்பையைப் போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் போன் செய்தார். அவருக்குத் தெற்கே காற்றாலையில் வேலை.

"இங்க காத்து பிச்சிக்கினு அடிக்குது. ஆனா மெஷினை நிறுத்தச் சொல்லிட்டாங்க. கரண்ட்டை எடுத்துக்கினு போக லைன்ல இடமில்லையாம்" என்றார்.

"இன்னாங்க சொல்றீங்க? இங்க குஞ்செல்லாம் சாவப் போவுது!"

"நான் இன்னா பண்ணுவேன்? வடக்க மிச்சமாகிற கரண்ட்டும் நமக்கு வர வழியில்ல, பெரிய லைன் இன்னும் சேரல. சேர்ந்துட்டா கஷ்டம் கொறையும். கடலுக்கு அடியில இலங்கைக்கே லைன் போடலாம்னு பேசறாங்க. ஒரு நாட்டுல காத்து அடிச்சா இன்னொரு நாடு வாங்கிக்கலாம்."

"கடல் இருக்கட்டும். இந்தத் தெருவையே தாண்ட முடியல!" என்று எரிந்து விழுந்து போனை வைத்தேன்.

வைத்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. அங்கே காற்று வீணாகிறது, லைன் இல்லை. இங்கே எதிரிலேயே வெளிச்சம், கேட்க வாய் இல்லை. என் வீம்புக்கு அந்தக் குஞ்சுகள் என்ன பாவம் செய்தன?

பரணிலிருந்த நீள ஒயரை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் என்னைப் பார்த்தாள், ஒயரைப் பார்த்தாள். ஒரு முனையை வாங்கித் தன் வீட்டில் சொருகினாள். மறுமுனையை நான் என் வீட்டு பிளக்கில் சொருகினேன்.

அவ்வளவுதான். தெரு முழுக்க எங்கள் பக்கத்து வீடுகளில் பல்புகள் மங்கலாக விழித்தன. "கரண்ட் வந்துடுச்சு!" என்று பிள்ளைகள் கத்தின. கத்தி முடிப்பதற்குள் தங்கை வீட்டில் பட்டென்று பியூஸ் போனது. இரண்டு மாநிலமும் இருட்டு.

"மெயினை ஆஃப் பண்ண மாட்டியா? மூளை கீதா உனக்கு?" தெருவில் நின்று கத்தினாள். அவள் கரண்ட் என் வீட்டு வழியாகக் கம்பத்துக்கே ஏறியிருந்தது. கம்பத்தில் லைன்மேன் யாராவது வேலை செய்துகொண்டிருந்தால்? ஆனால் எத்தனை நாளைக்குப் பிறகு அவள் திட்டுகிறாள்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும்தான்.

அவளே சொன்னாள்: "ஒயர் வேணாம். பொட்டியைத் தூக்கிக்கினு வா, ஜல்தி."

அவள் வீட்டுக்காரர் பியூஸ் போட்டார். விடியும்போது அவள் அடுக்களையில் குஞ்சுகளின் கூச்சல். சில பொரிக்கவில்லை. அவற்றை இருவரும் சேர்ந்தே புதைத்தோம்.

பின்னால் வடக்கும் தெற்கும் பெரிய லைனால் சேர்ந்தன. மெதுமெதுவாக எங்கள் பக்கமும் வெளிச்சம் நிலைத்தது. பெட்டி என் வீட்டுக்குத் திரும்பியது.

ஒரு மழைநாளில் அவர்கள் பக்கத்து டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. நனைந்துகொண்டே தங்கை என் வாசலில் வந்து நின்றாள், கையில் மூடிவைத்த மாவுக் குண்டான்.

"மாவு பாதியில நிக்குது. உன் கிரைண்டர்ல போட்டு அரைச்சுக்கட்டுமாக்கா?"

"இதுக்கா நனைஞ்சிக்கினு வந்தே? போன் பண்ணியிருக்கலாமே" என்றேன்.

"உன்னைப் போன்ல கூப்பிட்டு நான் பட்டது போதாதா?" என்றாள்.