கோட்டைக்குப்பம் டெலிவரி பாயின்ட்டும் ஏரிப் பக்கத்து விளக்கும்

பிரசவ லீவு முடிந்து திரும்பியதும் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு, ஏரிக்கரை மீனவர் ஊரான கோட்டைக்குப்பம் அருகே வரவிருந்த கேஸ் டெலிவரி பாயின்ட்டுக்கு அனுமதி வாங்குவது. பெரிய பைப்லைனில் வரும் இயற்கை எரிவாயுவின் அழுத்தத்தை அங்கே குறைத்து, மீட்டரில் அளந்து, கசிந்தால் தெரிவதற்காக வாசனை சேர்த்து, ஐஸ் பேக்டரிக்கும் வீடுகளுக்கும் அனுப்புவார்கள். கம்பி வேலிக்குள் சில வால்வுகள், ஒரு சின்ன அறை, சுற்றிலும் விளக்குக் கம்பங்கள். அவ்வளவுதான். ஆனால் ஊர் சம்மதித்ததை நேரில் கேட்காமல் அனுமதி தரும் அதிகாரி கையெழுத்துப் போட மாட்டார். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

ஊர்க்கூட்டத்துக்கு மேனேஜர் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். "சண்டேன்னா எல்லாரும் வீட்ல இருப்பாங்க" என்றார். போய்ப் பார்த்தால் பாதி நாற்காலிகள் காலி. வந்திருந்தவர்கள் டீ குடித்தார்கள், தலையாட்டினார்கள். ஊர்த் தலைவரும் சரி என்றார். மேனேஜருக்கு ஏக சந்தோஷம். "முடிஞ்சுதும்மா. ஆபீசர் விசிட்டுக்குத் தேதி கேட்டுடு."

எனக்கு மனசு ஒப்பவில்லை. கிளம்பும்போது தலைவரிடம் மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"அவுங்களுக்கு இன்னிக்கு பாடுமா. ஏரில கீறாங்க."

இறாலுக்கு எந்த இடத்தில் எந்தக் குழு என்றைக்கு வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. தன் முறை வரும் நாளில் ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. விட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். அன்று ஏரியில் இருந்தவர்கள், எங்கள் இடத்துக்கு நேர் எதிரே வலை கட்டுகிறவர்கள்.

காரில் மேனேஜரிடம் இன்னொரு கூட்டம் வைக்கலாமா என்று கேட்டேன்.

"ஏம்மா, நல்லா போறதை நீயே கெடுப்பியா? அவங்க வேணாம்னுட்டா?"

"ஆபீசர் முன்னாடி வந்து வேணாம்னா என்ன சார் பண்றது?"

பொன்னேரியில் கார் நின்றது. இறங்கும்போது அவர் சொன்னார். "ஒரு தடவைதான். கெட்டுப்போச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்."

வீட்டில் மகன் என் ஐடி கார்டின் கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தான். முடிந்த வேலையை நானே கலைத்துவிட்டேனோ என்று அவனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். லீவில் இருந்து வந்தவுடனேயே இப்படியா என்று ஆபீசில் பேசுவார்கள். இன்னொரு கூட்டம் வேண்டாம் என்று மேனேஜரிடம் சொல்லிவிட போனை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

தேசப்பனின் கேள்வி

இந்தத் தடவை கூட்டத்துக்கான நாளைத் தலைவரையே குறிக்கச் சொன்னேன். இடம் நிறைந்துவிட்டது. எதிரே வலை கட்டும் குழுவைச் சேர்ந்த தேசப்பன் முதலில் எழுந்தார்.

"கேஸ் வாணாம்னு சொல்லலமா. ராவுல லைட்டு எரியுமா?"

"எரியும்ணே. விடியிற வரைக்கும் எரியணும். சேஃப்டி ரூல்."

கூட்டம் இரைந்தது. "அப்போ எறா எப்டிமா வரும்? இருட்டுலதான் அது வலைக்கு வரும். தண்ணி மேல வெளிச்சம் வுழுந்தா திரும்பிகினு பூடும்."

பின்னால் இருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "நீங்க கேஸ் குடுப்பீங்க, அதுல நாங்க இன்னாத்த வேக வெக்கிறது? வெறுந்தண்ணியவா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை. டிசைன் இன்ஜினியரிடம் கேட்டேன். வேலிக்குள் வெளிச்சம் இருக்க வேண்டும் என்றுதான் விதி. ஏரியில் விழ வேண்டும் என்று எங்கும் இல்லை என்றார். கம்பத்தைத் தாழ்த்தி, விளக்குக்கு மூடி போட்டு, கரைப் பக்கமாகத் திருப்பலாம். ஒரே ஒரு விளக்கை அப்படிக் கட்டிப் பார்ப்பது என்று முடிவானது.

பொழுது சாய்ந்ததும் தேசப்பன் படகை எடுத்துக்கொண்டு தன் வலை இடத்துக்குப் போனார். இருட்டியதும் எலக்ட்ரீஷியன் சுவிட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது.

"இன்னாமா, போட்டியா இல்லியா?"

"போட்டாச்சுண்ணே. எரியுது."

"எரியுதா? இங்க ஒண்ணும் தெர்லியே!"

நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேனேஜர் பதறி என்னம்மா ஆச்சு என்றார். "தெரியலையாம் சார்" என்றேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அதிகாரி வந்த நாள்

அதிகாரி வந்ததும், "இன்னிக்கு வர முடியாதவங்க யாராவது இருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

தேசப்பன் எழுந்தார். "இன்னிக்கு எவனுக்கும் பாடு இல்ல சார். அந்தம்மா கேட்டுகினுதான் தேதி வெச்சாங்க."

விளக்கு ஏரிப் பக்கம் திரும்பக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போய் மகனோடு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த டெலிவரி பாயின்ட் நெல் விளையும் ஊரில். தேதி குறிக்கும்போது மேனேஜர் கேட்டார்: "அன்னிக்கு அங்க யாருக்கும்மா பாடு?"

வயலில் ஏது பாடு என்று சிரித்தேன். பிறகு சந்தேகம் வந்து அந்த ஊருக்குப் போன் போட்டேன். அன்றைக்குக் கீழ்மடைக்காரர்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறையாம். தேதியை மாற்றினோம்.