போகியில் போன கழனி

எங்கள் குடும்பத்துக்கு இருந்த நிலம் மொத்தமும் ஒரு போகிப் பண்டிகையன்று கைவிட்டுப் போயிற்று. தொலைத்தவள் நான். அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

யாரும் பதற வேண்டாம். நைனார்பாளையத்திலோ அதன் சுற்றுவட்டாரத்திலோ எங்களுக்கு எந்தக் காலத்திலும் ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. அப்பா மண்வெட்டி போட்ட இடமெல்லாம் அடுத்தவருடையது. அவர் கரும்பு வெட்டுகிற ஆள். வெட்டு இல்லாத நாளில் நாற்றுப் பறிக்க, வரப்புக் கழிக்க, மூட்டை தூக்க என்று கூப்பிட்ட வேலைக்குப் போவார். நான் சொல்கிற நிலம் அவருடைய போனுக்குள் இருந்தது.

திருப்பூரில் வேலை பார்த்த மாமா, ஒரு தீபாவளிக்கு வந்தபோது தன் பழைய போனை அப்பாவுக்குக் கொடுத்தார். அதில் ஒரு விளையாட்டையும் ஏற்றித் தந்தார். உழ வேண்டும், விதைக்க வேண்டும், தண்ணீர் பாய்ச்ச வேண்டும், விளைந்ததும் அறுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அதன் பெயர் கழனி. முதலில் அதைப் பார்த்துச் சிரித்த அப்பா, ஒரே மாதத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு முழு விவசாயி ஆகிவிட்டார்.

அவர் அதை விளையாடினார் என்று சொல்ல முடியாது. பயிர் செய்தார். முதல் விதை வடகிழக்கு மூலையில்தான் விழ வேண்டும் என்று திரையின் வலது மேல் ஓரத்தைத் தேடித் தொடுவார். அமாவாசையன்று ஏர் பூட்ட மாட்டார். நாள் தவறாமல் வந்து தலையைக் காட்டினால் பரிசு என்று அந்த விளையாட்டு ஆசை காட்டும். அமாவாசைக்கு அமாவாசை அப்பா அந்தப் பரிசைக் கோட்டை விட்டார். கல்வராயன் மலைப் பக்கம் வானம் கருத்தால், "மழ வராப்புல இருக்குது பாப்பா, இன்னிக்குத் தண்ணி கட்ட வாணாம்" என்பார். போனுக்குள் மழையே கிடையாது என்று நான் தலையால் தண்ணீர் குடித்துச் சொன்னாலும் கேட்க மாட்டார்.

அம்மாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. "குந்தறதுக்கு ஒரு மொழம் எடம் இல்ல, பண்ணையாருக்கு அறுப்பு கேக்குதா?" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி வந்துவிட்டால் அவளே போனை வாங்கி, "எங்கூட்டு நெல்லு, பாரேன்" என்று காட்டுவாள். கூட வெட்டுகிற ஆட்களும் கேலி செய்தபடியே தினமும் விசாரிப்பார்கள். நட்டாச்சா, பால் பிடிச்சுதா என்பார்கள். அப்பா முகம் மாறாமல் பதில் சொல்வார். வேறு எதைப் பற்றியும் அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

இரண்டாம் பாகம் வரப்போகிறது என்கிற தண்டோரா கார்த்திகையில் தொடங்கியது. ஒவ்வோர் அறுப்புக்கும் நடுவில் விளம்பரம். நான் கார்ட்டூன் பார்க்க உட்கார்ந்தால் அங்கேயும் விளம்பரம். இந்தத் தடவை மழை பெய்யுமாம், ஆறு ஓடுமாம், கன்றுக்குட்டி துள்ளுமாம். ஒரு பசுமாடு மெதுவாகத் திரும்பி நம்மையே பார்க்கும். அதன் கண்ணுக்குள் பச்சை வயல் தெரியும். இடி மாதிரிக் குரல் ஒன்று, "உங்கள் மண் உங்களை அழைக்கிறது" என்று தமிழிலேயே சொல்லும். கடைசியில், வெளியாக இன்னும் எத்தனை நாள் என்று எண் வந்து மின்னும். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் அந்த வசனம் மனப்பாடம். வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்ட டீச்சரிடமே அதைச் சொல்லி ஒருத்தி வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அப்பா மட்டும் அசையவில்லை. "இருக்கறதே போதும்" என்றார். அவருடைய கவனமெல்லாம் பொங்கல் அறுப்பில் இருந்தது. விளைய ஒரு வாரம் எடுக்கும் நெல் ஒன்று அந்த விளையாட்டில் உண்டு. பொங்கல் காலையில் முற்றி நிற்கும்படி நாள் கணக்குப் பார்த்து அதைக் கழனி முழுக்க விதைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் நிலம் உள்ளவர்கள் தங்கள் புது நெல்லில் பொங்கல் வைப்பார்கள். எங்களுக்கு, அப்பா வேலை பார்க்கும் வீட்டிலிருந்து கொஞ்சம் வரும். "இந்த வருசம் நம்ப கழனியிலயே அறுப்பு" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டார்.

போகியன்று விடிவதற்கு முன்பே பொங்கல் கரும்பு வெட்ட லாரியில் போய்விட்டார். சார்ஜ் இல்லாததால் போன் வீட்டிலேயே சார்ஜில் கிடந்தது. அம்மா வாசலில் நெருப்பை மூட்டிவிட்டு, "பழசு எதுவும் வூட்ல இருக்கக் கூடாது, எல்லாத்தையும் கொண்டா" என்று விரட்டிக்கொண்டிருந்தாள். கிழிந்த பாய், தேய்ந்த விளக்குமாறு, அடி இற்றுப்போன கூடை என்று நான் ஒவ்வொன்றாகச் சுமந்து போய்ப் போட்டேன். அந்த நேரத்தில் போன் மணி அடித்தது. இரண்டாம் பாகம் வந்துவிட்டது.

கை பரபரத்தது. இறக்கச் சொல்லி அழுத்தினேன். போனில் இடம் போதவில்லை, பழைய விளையாட்டை நீக்கலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். புரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. போகியன்று பழையதைக் கழிப்பதற்குக் கேள்வி என்ன? அதுவும் போக, வீடு மாறினால் சட்டி பானையெல்லாம் கூடவே வருவது மாதிரி எங்கள் கழனியும் புதிய பாகத்துக்குத் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். வாசலில் பாய் எரிவதைப் பார்த்துக்கொண்டே சம்மதம் என்று அழுத்தினேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். கைகால் கழுவினார். தோகை கீறிய கோடுகள் கையெல்லாம் சிவந்திருந்தன. நான் போனை இரண்டு கையாலும் நீட்டி, "பா, ரெண்டாம் பாகம்!" என்றேன். பசுமாடு திரும்பிப் பார்த்தது. மழை பெய்தது. சொன்னபடியே ஆறும் ஓடியது. அப்பா வாய்விட்டுச் சிரித்து, "அட, நெசமாவே மழ!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஒரு மீசைக்காரன் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் வந்து நின்றான். அவனுக்குக் கீழே எழுத்துகள் ஓடின. நான் வழக்கம்போல் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இது என் நிலம். இன்றிலிருந்து நீ என்னிடம் கூலி ஆள். காலை ஆறு மணிக்கு வந்துவிட வேண்டும். தாமதமானால் கூலியில் பிடிப்பேன். அதற்கும் கீழே ஒரே ஒரு பொத்தான் இருந்தது. அதில் 'சரிங்க ஐயா' என்கிற மாதிரி எழுதியிருந்தது. வேறு பொத்தானே இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையை இழுத்து இழுத்துப் பார்த்தேன். நாலா பக்கமும் மீசைக்காரன் வேலிதான்.

"நம்ப கழனி எங்க பாப்பா?" என்றார் அப்பா.

மாமாவுக்குப் போன் போட்டேன். பழைய விளையாட்டை மின்னஞ்சல் கொடுத்துச் சேமித்து வைக்கவில்லை, நீக்கினால் போனது போனதுதான் என்றார் அவர். இதில் ரொம்ப நாள் கூலி வேலை செய்து அப்புறம்தான் சொந்த நிலம் வாங்க முடியுமாம். "அதான் இதுல த்ரில்லு" என்று வேறு சொன்னார்.

முதலில் அழுதது அம்மா. இரண்டு வருஷமாகக் கேலி பேசியவள், "முத்தி நின்ன நெல்லுடி, பாவி!" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வுடு. போனுக்குள்ளாரயும் கூலிக்குத்தான் போவணும்னா, அவ இன்னா பண்ணுவா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அடி வாங்கியபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். போனை என்னிடமே கொடுத்து, "நீயே ஆடு" என்றார்.

ஆடினேன். இழந்த நிலத்தை நானே உழைத்து மீட்டு அப்பாவிடம் கொடுப்பதென்று சபதம். பொங்கல் விடுமுறை முழுக்கக் காலை ஆறு மணிக்கு எழுந்து மீசைக்காரன் முன்னால் நின்றேன். களை எடுத்தேன், மூட்டை சுமந்தேன். பொத்தானை அழுத்தும்போதெல்லாம் வாயாலும் "சரிங்கய்யா" என்று சொன்னேன். போனுக்குள் இருந்த ஆள் முதுகை வளைப்பான். அவனோடு சேர்ந்து நானும் வளைப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

காணும் பொங்கலன்று மீசைக்காரன் என்னை மெச்சினான். உன்னைப் போல் ஆள் கிடைப்பது அபூர்வம், நீ காலம் முழுக்க என்னிடமே இருந்துகொள்ளலாம் என்றான். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடினேன். அதைப் படித்துக் காட்டிவிட்டு, கையைக் கட்டி, முதுகை வளைத்து, "சரிங்கய்யா, வந்துட்டங்கய்யா!" என்று ஆடிக் காட்டினேன்.

அப்பா பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். போனை வாங்கினார். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத் தெரியாதவர் அந்த விளையாட்டின் சின்னப் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தார். விளையாட்டு போய்விட்டது. "ஒனக்காகத்தான்பா சம்பாரிச்சிக்கினு இருந்தேன்!" என்று நான் கத்தினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "போ, போயிப் படி" என்றார்.

கழனியைத் தொலைத்ததற்கு இப்போது பழி வாங்குகிறார் என்று முடிவு கட்டினேன். மூன்று நாள் நல்லவர் மாதிரி இருந்துவிட்டு நாலாம் நாள் காட்டிவிட்டாரே என்று ஆத்திரம். அழுதுகொண்டே கிடந்தேன். அம்மா கூப்பிட்டும் சாப்பிடவில்லை.

மறுநாள் விடியும் முன் லாரி வந்து தெருவில் நின்றது. மேஸ்திரி அப்பாவைப் பேர் சொல்லி அதட்டிக் கூப்பிட்டார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "தோ, வந்துட்டங்கய்யா!" என்று ஓடினார். தினமும் கேட்கிற குரல்தான். அவர்மேல் கோபமாக இருந்ததால் நான் போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டேன். மூன்று நாளாக நான் பேசி, வளைந்து, ஆடிக் காட்டியதெல்லாம் அந்தக் குரலைத்தான் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.