பின்னோக்கி நடந்த அத்தை

எங்கள் வீட்டு அடுப்படியில் அரிசி வறுபடும் மணம் எழுந்தால், ஏதோ உருண்டை பிடிக்கப் போகிறார்கள் என்று நானும் தம்பியும் ஆரம்பத்தில் ஏமாந்து ஓடியதுண்டு. அந்த அரிசி எங்களுக்கு இல்லை, கேமராவுக்கு. பொன்னிறமாக வறுத்து, சூடு முழுதும் ஆறுவதற்குள் துணியில் சிறு மூட்டையாகக் கட்டி, பழைய பிஸ்கட் டின்னில் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்து இறுக மூடிவிடுவாள் சுகிர்தம் அத்தை. நீலகிரி மழைக்காலத்தில் சுவரில் மாட்டிய கோட்டே பச்சை பூத்துப்போகும், கண்ணாடி லென்ஸ் எம்மாத்திரம்? ஈரத்தை அரிசி இழுத்துக்கொண்டால் பூசணம் பிடிக்காது என்பது அவள் கணக்கு. "ஊரு உலகத்துல புள்ளைக்கு வறுப்பாங்க, இவ டப்பாவுக்கு வறுக்கறா" என்று அப்பா வாரம் தவறாமல் புலம்புவார்.

அப்பா குன்னூரைத் தாண்டி, எதிரே குந்தா மலைத்தொடர் தெரியும் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஹெட் கிளார்க். வெள்ளைக்கார துரைமார் காலம் அது. துரை பங்களா மேட்டில், ஃபாக்டரி பள்ளத்தில், எங்கள் குவார்ட்டர்ஸ் இரண்டுக்கும் நடுவில். அப்பாவின் தங்கையான சுகிர்தம் அத்தை எங்களோடுதான் இருந்தாள், மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பழைய துரையின் மனைவிக்கு அவள் சாயங்காலங்களில் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். அந்த அம்மா சீமைக்குத் திரும்பும்போது, தமிழ் வந்ததோ இல்லையோ, தன் கேமராவை அத்தைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தக் கேமராவில் ஒரு சின்ன ஜன்னல். அதில் கண்ணை வைத்தால் எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்போது படம் தெளிவாக விழும். எங்களுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை வேறில்லை. ஒருநாள் தம்பி கண்ணை வைத்துவிட்டு, "அய்யோ, ரெண்டு அப்பா!" என்று கத்த, "ஒண்ணையே என்னால சமாளிக்க முடியல, இதுல இன்னொண்ணு வேறயா?" என்று அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

ஆனால் அந்தக் கேமராவுக்கு ஒரு குறை. அதற்கு இரண்டு லென்ஸ் இருந்து, ஆள்களை எடுக்கும் குட்டை லென்ஸ் ஏதோ ஓர் அருவிப் பள்ளத்தில் விழுந்து தொலைந்திருந்தது. மிஞ்சியது மலையையும் மிருகத்தையும் எடுப்பதற்கான நீள லென்ஸ் மட்டும்தான். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'குழல்'. குழலை மாட்டினால், பள்ளத்தாக்குக்கு அந்தப்பக்கம் இருக்கும் பாறை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். பக்கத்தில் நிற்கும் மனிதருக்கோ மூக்கும் மீசையும்தான் விழும். ஆகவே எங்களைப் படம் எடுக்க வேண்டுமென்றால் எங்களை வாசலில் நிறுத்திவிட்டு, அத்தை பின்னோக்கி நடந்து, முற்றம் தாண்டி, பாதை தாண்டி, தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து, அங்கிருந்து "சிரிங்க!" என்று கூவுவாள். நாங்கள் சிரிப்பது அவளுக்குத் தெரியும், அவள் சொல்வது எங்களுக்குக் கேட்காது.

அதனால் அத்தை பெரும்பாலும் மலையைத்தான் எடுத்தாள். பள்ளி இல்லாத நாள்களில் விடிந்ததும் கட்டுச்சோறும் குடையுமாகப் புறப்பட்டுவிடுவாள். சில நாள் என்னையும் கூட்டிப்போவாள். புல்மேட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்போம். 'மிஸ்ட்டு' வந்து மலையை மூடும், விலகும், மறுபடி மூடும், அத்தைக்கு அலுக்கவே அலுக்காது. அப்படிக் காத்திருந்து ஒருநாள், துரைமார்கள் 'ஐபெக்ஸ்' என்று சொல்லித் துப்பாக்கி தூக்கிக்கொண்டு அலைந்த வரையாடு ஒன்றை, பாறை நுனியில் நாலு காலையும் ஒன்றாகச் சேர்த்து நின்ற கிழட்டுக் கடாவை, அவள் பிடித்துவிட்டாள். ஊட்டி பஜாரில் படம் கழுவிக் கொடுக்கும் ஸ்டுடியோக்கார பாய் அந்தப் படத்தை மட்டும் பெரிதாகப் போட்டுத் தந்து, "டீச்சரம்மா, ஆடு பிரமாதமுங்க. ஆனா அப்பப்பவாச்சும் மனுசங்களையும் எடுத்துட்டு வாங்க, நான் மலையவே கழுவிக் கழுவி அலுத்துட்டேனுங்க" என்றார். அத்தை சிரித்த சிரிப்பு பஜார் முழுக்கக் கேட்டது. அந்த வரையாடு எங்கள் முன்னறைச் சுவரில் ஏறிக்கொண்டது.

அத்தைக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் இதனாலேயே முறிந்தன. முதல் வீட்டார், "காடு மலையெல்லாம் சுத்தற பொண்ணு எங்களுக்கு ஆவாதுங்க" என்று சொல்லிவிட்டார்கள். அடுத்தவர்கள் கொஞ்சம் இறங்கி வந்து, "கேமராவ அண்ணன் ஊட்டுலயே உட்டுட்டு வரட்டும்" என்றார்கள். "அப்ப நானும் அண்ணன் ஊட்டுலயே இருந்துக்கறேன்" என்றாள் அத்தை. அப்பா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அன்றைக்கு அவள் அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "கல்யாணம் வேண்டாம்னு எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. எல்லாரையும் போல எனக்கும் ஆசை இருக்குது. ஒண்ணு வேணும்னா இன்னொண்ண உடுன்னு சொல்றாங்களே, அதுதான் ஆத்திரம் ஆத்திரமா வருது." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. என் அத்தை அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாவதாக வந்தது கிளென்மார்கன் சம்பந்தம். மாப்பிள்ளை ஞானமுத்து, மின்சாரத் திட்டத்தில், மலைச்சரிவில் தண்டவாளத்தின்மேல் பெட்டியை ஏற்றி இறக்கும் 'விஞ்ச்' ஓட்டுபவர். அதிகம் பேசாதவர் என்று கேள்வி. இதுவும் போனால் இனி யாரும் படியேற மாட்டார்கள் என்று அப்பாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பெண் பார்க்க வரும் சனிக்கிழமை காலையில் பிஸ்கட் டின்னைப் பிடுங்கி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு ஒரு நாள் இந்த ஊட்டுல யாரும் கேமராங்கற பேச்சே எடுக்கப்படாது. நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க!" என்று எங்கள் எல்லோருக்கும் உத்தரவு போட்டார். டின்னை அவ்வளவு பத்திரமாகப் பூட்டிய மனிதர், தலைக்கு மேலே தொங்கிய வரையாட்டை மறந்துவிட்டார்.

வந்தவர்கள் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும்தான். அந்த அம்மாள் நல்ல வாட்டசாட்டம், குரல் அதைவிட. அப்பா நீளமாக ஜெபம் செய்தார், பலகாரம் வந்தது. மாப்பிள்ளை பலகாரத்தைப் பார்க்கவில்லை, தரையையும் பார்க்கவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இந்த வரையாட்ட யாருங்க எடுத்தது?"

அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. "அதுங்களா... அது பழைய தொரை எடுத்ததுங்க."

டீத் தட்டோடு வந்துகொண்டிருந்த அத்தை அப்படியே நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள், பலிக்கவில்லை. "தொரை எடுக்கலைங்க. நான் எடுத்தது."

எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா டீயை ஒரு வாய் குடித்து, வரையாட்டை ஒருமுறை பார்த்து, அத்தையை ஒருமுறை பார்த்து, "ஆட்ட இத்தன அழகா எடுத்தவ எங்கள எடுக்க மாட்டாளா? எடு கண்ணு, பாப்போம்" என்றார். வேறு வழியில்லாமல் அப்பா கோட்டுப் பையைத் துழாவிச் சாவியை எடுத்தார்.

வாசலில் பெஞ்சு போட்டோம். நடுவில் மாப்பிள்ளையின் அம்மா, ஒருபக்கம் மாப்பிள்ளை, மறுபக்கம் அப்பா, பின்னால் அம்மாவும் நாங்களும். அப்பா படத்துக்கு நின்றால் மூச்சே விடமாட்டார், அன்றைக்கு இருந்த கலக்கத்தில் கண்ணிமைகூட ஆடவில்லை. அத்தை குழலை மாட்டினாள், கண்ணை வைத்தாள், வழக்கம்போல் பின்னோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

எங்களுக்கு இது பழகிப்போன சங்கதி. வந்தவர்களுக்கு என்ன தெரியும்? அத்தை முற்றத்தைத் தாண்டினாள், அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தை பாதையைத் தாண்டினாள், அந்த அம்மாள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அத்தை தேயிலைக்குள் புகுந்து இடுப்புவரை மறைந்ததும் பொறுமை போய்விட்டது. "ஏனுங்க சம்பந்தி! உங்க பொண்ணு எங்க மூஞ்சியப் பாத்துட்டே பின்னால பின்னால போறாளே! புடிக்கலைன்னா வாயத் தொறந்து சொல்லச் சொல்லுங்க, அதுக்காக ஊட்ட உட்டு ஓடோணுங்களா?"

'சம்பந்தி' என்ற சொல் காதில் விழுந்த சந்தோஷத்தில், மற்றது எதுவும் அப்பாவின் காதில் ஏறவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் மூடுபனி வேறு மேலேறி வந்து செடிகளை மூடத் தொடங்கியது. அத்தையோ, எதிரே ஒரு குடும்பமே உட்கார்ந்திருப்பதை மறந்து, மலையைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்துக்கொண்டு, மேலும் ஓர் அடி பின்னால் வைத்தாள். அவளுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் போகும் ஆழமான கான்.

அதை முதலில் பார்த்தவர் மாப்பிள்ளைதான். "ஏனுங்க! நில்லுங்க! பின்னால கான் இருக்குதுங்க!" என்று கத்திக்கொண்டே எழுந்தார், இரண்டு கைகளையும் நீட்டியபடி அவளை நோக்கி ஓடினார். அந்த நொடியில் 'கிளிக்' என்றது. அடுத்த நொடியில் அத்தையைக் காணோம்.

நாங்கள் எல்லோரும் ஓடினோம். கானுக்குள் முழங்காலளவு செம்மண் தண்ணீரில் அத்தை நின்றிருந்தாள், கேமராவை மட்டும் இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி. மாப்பிள்ளை குனிந்து கையை நீட்டினார். அத்தை கையைக் கொடுக்கவில்லை, கேமராவைக் கொடுத்தாள். "இத மொதல்ல புடிங்க!" அவர் அதைப் பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கி, தன் புதுக் கோட்டைக் கழற்றிச் சுற்றி, ஈரம் படாமல் எங்கள் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் அத்தையை மேலே இழுத்தார்.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த அவருடைய அம்மா, சேறும் சகதியுமாக நின்ற பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார். "படம் வுழுந்துச்சா?" என்றார். அத்தை தலையாட்டினாள். "வுழுந்திருந்தாலும் ஆவாது. நான் கத்திட்டு இருந்தேன், வாயி தொறந்திருக்கும். மூஞ்சி கழுவிட்டு வந்து இன்னொண்ணு எடு."

புறப்படும்போது மாப்பிள்ளை அப்பாவிடம் சொன்னார்: "எங்க கிளென்மார்கன்ல நின்னு பாத்தா கீழ மசினகுடிக் காடு பூராவும் தெரியுமுங்க. கேமராவ இங்க பூட்டி வெக்காதீங்க, அங்க வேணுமுங்க." அதிகம் பேசாதவர் அன்றைக்கு அவ்வளவும் பேசினார். இரவு சாப்பிடும்போது அத்தை அம்மாவின் காதில், "கேமராவப் பத்திரம் பண்ணிட்டுத்தான் என்னையத் தூக்குனாரு அண்ணி. எனக்கு இந்த மனுசன் போதும்" என்றாள். அப்பாவுக்கும் அது கேட்டது. கேட்காததுபோல் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

படச்சுருளைக் கழுவிய ஸ்டுடியோ பாய் தலையில் அடித்துக்கொண்டாராம். "அபூர்வமா மனுசங்கள எடுத்தீங்க, அதுலயும் முக்கியமான ஆளு கலங்கிப் போயிட்டாருங்களே!" உண்மைதான். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் ஊசி முனையாகத் தெளிவு: மாப்பிள்ளை அம்மாவின் திறந்த வாய், முந்தானைக்குள் சிரிக்கும் அம்மா, மூச்சைப் பிடித்த அப்பா. முன்னால் ஓடி வந்தவர் மட்டும், முகம் தெரியாமல், இரண்டு கை முளைத்த சாம்பல் நிறக் கலங்கலாக இருந்தார். வளையத்தைத் திருக அத்தைக்கு நேரம் இருக்கவில்லை. அதையேதான் பெரிதாகப் போட்டுக் கேட்டாள் அத்தை. வேண்டாமுங்க, நல்ல படமாக இன்னொன்று இருக்கிறது என்று பாய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

இப்போது துரைமார் இல்லை, ஞானமுத்து மாமாவும் இல்லை, அத்தையும் இல்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த புல்மேட்டை, பட்டைக்காக நட்ட சீகை மரங்கள் மூடிவிட்டன. ஊட்டி பஜாரில் அந்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். கேமரா என்னிடம்தான் இருக்கிறது. அதற்குச் சுருள் வாங்க அலைவதை நிறுத்திவிட்டேன். மழைக்காலம் வந்தால் மட்டும் ஒரு கைப்பிடி அரிசி வறுக்கிறேன், பேரப்பிள்ளைகள் எங்களைப்போலவே ஏமாந்து ஓடி வருகிறார்கள்.

கிளென்மார்கன் வீட்டில் வரையாட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கலங்கல் படம் கடைசிவரை தொங்கியது. எத்தனையோ நல்ல படம் இருக்கும்போது இதை ஏன் மாட்டியிருக்கிறாய் என்று ஒருமுறை அத்தையிடம் கேட்டேன். படத்தின் தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "மலையும் ஆடும் நான் தள்ளிப் போனா அங்கங்கேயே நிக்கும் கண்ணு. நான் தள்ளிப் போகப் போகக் கிட்ட ஓடியாந்தது இவரு ஒருத்தருதான்."