களிமண் யானை

1951-இல் மைசூரில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை கேட்டுப் போனேன். "இப்போதைக்குச் சின்னப் பிள்ளைகள் வகுப்புதான் காலி, எலியேசர்" என்றார் தலைமையாசிரியை ஜேன் அம்மா. பாட்டு, படக்கதை, களிமண் பொம்மை, இவைதான் அங்கே பாடம். எனக்கு மூன்றுமே வராது. நான் பாடினால் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். கதை வாசித்தால் எனக்கே கொட்டாவி வரும்.

வகுப்பில் சொர்ணலதா என்று ஒரு குழந்தை. கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம். பள்ளியில் சேர்ந்ததிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை.

ஒருநாள் யானைக் கதை வாசித்து முடித்து, களிமண்ணில் ஒரு யானையும் செய்து மேஜைமேல் வைத்தேன். தும்பிக்கை உடைந்து விழுந்தது. எடுத்து ஒட்டினேன், இன்னும் குட்டையாகிவிட்டது.

"இது என்ன, சொல்லுங்க பார்ப்போம்?"

"பன்னி" என்றாள் சொர்ணலதா.

கன்னடப் பிள்ளைகள் "ஹந்தி, ஹந்தி!" என்று அதையே தங்கள் மொழியில் கத்திச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"யானைம்மா அது" என்று கெஞ்சினேன்.

"இல்ல சார், யானைக்கு மூக்கு நீளமா இருக்கும்" என்று எழுந்து வந்து, களிமண்ணை உருட்டி, தானே ஒரு தும்பிக்கை வைத்தாள். அன்று முழுக்க ஓயாமல் பேசினாள்.

சாயங்காலம் ஜேன் அம்மா ஓடி வந்தார். "எப்படிப் பேச வைத்தீர்கள்? இது என்ன முறை?"

குழந்தை திருத்தட்டும் என்று வேண்டுமென்றே தப்பாகச் செய்ததாகச் சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"முறையெல்லாம் இல்லை அம்மா. நான் உயிரைக் கொடுத்துச் செய்த யானையே அப்படித்தான் இருந்தது."

ஜேன் அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.