ஏரிக்கு அடியில் ஒரு கோதுமை வயல்

மொன்டானா மலைகளுக்கு நடுவே, ஏரிக்கரையில் தோராவின் அப்பா ஹால்வர் வளைத்த நிலத்தில் மருந்துக்குக்கூட ஒரு மரம் கிடையாது. மற்ற குடியேறிகளெல்லாம் சரிவில் மரத்தூர்களைப் பெயர்த்து இடுப்பொடிந்துகொண்டிருக்க, இலையுதிர் காலத்தில் வந்து இறங்கிய ஹால்வருக்கு மட்டும் பாய் விரித்தது போல் சமதளம்!

"ஏங்க, இங்க மட்டும் ஏன் ஒண்ணுமே முளைக்கல?" என்றாள் அம்மா பெர்த்தா.

"கர்த்தர் எனக்காகவே வெட்டி வச்சிருக்காரு. அதுலயும் உனக்குச் சந்தேகமா?"

வசந்தத்தில் கோதுமை விதைத்தார். முழங்கால் உயரம் பச்சை. ஜூனில் மலைப்பனி உருகியது. ஏரி சாவகாசமாக ஏறி வந்து வயலை விழுங்கியது. வாசலில் நின்று பெர்த்தா வடித்த கண்ணீரில் அது இன்னும் ஒரு விரல் உயர்ந்திருக்கும்.

"இந்த வருஷம் பனி கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் ஹால்வர். அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் அதையே சொன்னார். தோரா அப்பாவின் வயல்மேல் படகோட்டி வளர்ந்தாள்.

ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்து காட்டினால்தான் சர்க்கார் நிலத்தைச் சொந்தமாக்கும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தோராவுக்கு இந்த ஏரியை விட்டால் வேறு உலகம் தெரியாது. தங்கள் எல்லைக்குள் இருந்த சரிவில் தூர்களைத் தோண்டி, கை கொப்பளிக்க உருளைக்கிழங்கு போட்டாள்.

"ஆடு மேயுற இடத்துல விவசாயமா? ஊர் சிரிக்கப் போகுது" என்றார் அப்பா.

ஐந்தாவது கோடையில் அதிகாரி வந்தார். சாட்சி சொல்லப் பக்கத்து நிலத்துக்காரர் மக்காஸ்லின்.

"பயிர் எங்கே?"

ஹால்வர் கம்பீரமாக ஏரியைக் காட்டினார். "அடியில இருக்குது."

"சத்தியமா உண்மைங்க" என்றார் மக்காஸ்லின். "வருஷம் தவறாம விதைச்சாரு. மீனெல்லாம் நல்லா கொழுத்துப் போச்சு."

அதிகாரி சிரிக்கவில்லை. அப்போதுதான் அவர் கண்ணில் சரிவு பட்டது. கிழங்குச் செடிகள் பூத்து நின்றன.

"அது யாரோடது?"

ஹால்வர் மகளைப் பார்த்தார். ஒரே ஒரு நொடிதான்.

"என்னோடது! ஆரம்பத்துலேர்ந்து என் திட்டமே அதானே!"

பெர்த்தா வாயைத் திறந்தாள். தோரா அவள் கையை அழுத்திப் பிடித்தாள். நிலம் கிடைத்துவிட்டது.

அதிகாரி படகேறியதும் தோரா களைக்கொத்தை அப்பாவிடம் நீட்டினாள். "உங்க தோட்டம்தானேப்பா? மேல ரெண்டு வரிசை புல்லு மண்டிக் கிடக்குது."

மக்காஸ்லின் போகாமல் வேலியில் சாய்ந்துகொண்டார். வேறு வழியில்லாமல் ஹால்வர் குனிந்தார். கொத்தினார். முதல் கொத்திலேயே ஒரு செடி வேரோடு வந்தது.

"அப்பா! அது களை இல்ல, கிழங்கு!"

"தெரியும், தெரியும். என் தோட்டத்துல நான் எதை வேணும்னாலும் பிடுங்குவேன்!"