சந்தியில் கட்டிவைத்த முகம்

அச்சுவேலிச் சந்தைக்குப் போவதென்றால் நிருஷன் நேர்வழியில் போகமாட்டான். வீட்டுப் படலையைத் திறந்து வலப்பக்கம் திரும்பினால் தொண்டைமானாற்றுச் சந்தி, கூப்பிடு தூரம். அவனோ இடப்பக்கம் திரும்பி, ஆற்றங்கரையோடு போகிற ஒழுங்கையில் சைக்கிளை மணலுக்குள்ளால் உருட்டி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றித்தான் பெரிய றோட்டில் ஏறுவான். ஏன் இந்த வீண் அலைச்சல் என்றால், சந்தியில் ஒருவனுடைய முகத்தில் முழிக்க அவனுக்கு விருப்பமில்லை. அந்த ஒருவன் வேறு யாருமில்லை, அவனேதான்.

மின்கம்பத்துக்கும் வாசிகசாலை மதிலுக்கும் நடுவில் இழுத்துக் கட்டிய பனர் அது. கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு நிருஷன் அதில் சிரித்துக்கொண்டிருக்கிறான். கோட்டும் அவனுடையதல்ல, கழுத்துப்பட்டியும் அவனுடையதல்ல. பனர் அடித்த கடைக்காரன் கணினியில் போர்த்திவிட்டது. ‘பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகி எமது மண்ணுக்குப் பெருமை சேர்த்த செல்வன் முருகேசு நிருஷனை வாழ்த்துகின்றோம்’ என்று கீழே கொட்டை எழுத்து. அதற்கும் கீழே விளையாட்டுக் கழகத்தின் பெயர், வாழ்த்தப்பட்டவனின் பெயரைவிடப் பெரிதாக.

எங்கள் பக்கத்தில் கம்பஸ், அதுதான் பல்கலைக்கழகம், என்றால் எல்லாம் ஒன்றல்ல, கண்டியளோ. மருத்துவம் என்றால் வாசலில் மாலையோடு ஆட்கள் நிற்பார்கள். பொறியியல் என்றால் பனர். அதிலும் கொழும்புப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கம்பஸ் என்றால் பனர் இன்னும் இரண்டு முழம் நீளும். பெயரைச் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்ற எவரைக் கேட்டாலும் தெரியும். விஞ்ஞானம் கிடைத்தால், “பரவாயில்லை.” வணிகம் கிடைத்தால், “பாங்க்கிலை வேலை எடுக்கலாம்.” கலைப்பிரிவு என்றால், “ஓ, கிடைச்சிட்டுதோ?” என்று கேட்டுவிட்டு, வெங்காய விலைக்குக் கதையைத் திருப்பிவிடுவார்கள். அந்தப் பெரிய கம்பஸில் யார் படிப்பிக்கிறார்கள், என்ன படிப்பிக்கிறார்கள் என்று இன்றுவரை ஒரு சனம் கேட்டதில்லை. எத்தனை பிள்ளைகளுக்கு அது கிடைக்காமல் போனது, அதுதான் கணக்கு. அழுதவர்கள் கூடக்கூட கம்பஸின் மதிப்பும் கூடும். நல்ல கூத்து!

நிருஷனுக்குக் கிடைத்தது. தாய் பத்மாவதி செல்வச்சந்நிதி முருகனுக்கு வைத்த நேர்த்திக்கு மகன் காவடி எடுத்தான், பெட்டி கட்டினான், கொழும்பு பஸ் ஏறினான். விரிவுரை மண்டபத்தில் போய் இருந்த பிறகுதான் விசயம் தெரிந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் இருந்த எல்லோருமே தங்கள் தங்கள் ஊர்ச் சந்தியில் தொங்குகிறவர்கள். ஊரில் ஒரேயொரு கெட்டிக்காரனாக இருந்தவன், அங்கே கடைசி வாங்கில் இருக்கிறவர்களில் ஒருவனாகப் போனான்.

கம்பஸில் ஒரு பிழையும் இல்லை. அவனை ஒருவரும் அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. பாடம் விளங்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவனிடம் ஒருநாள் கேட்கப் போனான். “உமக்கென்ன ஐசே, மாவட்டத்திலை மூண்டாமிடம் வந்த ஆள், பகிடி விடாதையும்” என்று அவன் சிரித்தான். அதன்பிறகு நிருஷன் ஒருவரிடமும் கேட்கவில்லை. விளங்காதது விளங்காததோடு சேர்ந்து மலையாகக் குவிந்தது. முதல் வருடச் சோதனையில் தவறினான், திரும்ப எழுதித் தவறினான், பிறகு உள்ளே போவதையே விட்டான். விடிய வெளிக்கிட்டு, கம்பஸ் வாசலுக்கு எதிரே இருந்த பஸ் தரிப்பிடக் கொட்டிலில், பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னேரம் வரைக்கும் இருப்பான். அறையில் இருந்தால் அறைக்காரர் ஏனென்று கேட்பார்கள் அல்லவா? வீட்டிலிருந்து போன் வந்தாலும் எடுப்பதில்லை.

ஒருநாள் பெட்டியோடு வீட்டுக்கு வந்து நின்றான்.

“என்ன மோனை, லீவோ?” என்றாள் பத்மாவதி.

“ஸ்ரைக் அம்மா. கம்பஸை மூடிப்போட்டாங்கள்.”

அப்போது உண்மையாகவே ஊழியர் வேலைநிறுத்தம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. பேப்பரிலும் வந்தது. பொய் சொல்லக்கூட அவனுக்கு நாடே ஒத்தாசை செய்தது. பிறகு அந்த ஸ்ரைக் முடிந்தது, கம்பஸைத் திறந்தார்கள், பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பஸ் ஏறிப் போனார்கள். முருகேசு வீட்டில் மட்டும் ஸ்ரைக் முடியவில்லை. வருடம் ஒன்று போய்விட்டது. அவ்வளவு நீளமான வேலைநிறுத்தத்தை இந்தத் தீவு கண்டிராது.

தொடக்கத்தில், “எப்ப தம்பி போறாய்?” என்று ஊரார் கேட்டார்கள். பிறகு கேட்பதை நிறுத்தினார்கள். நம்பிவிட்டார்கள் என்று நிருஷன் நினைத்தான். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்; இருக்கவில்லை. “ஏன் போகேல்லை?” என்று யாராவது ஒருதரம், ஒரேயொரு தரம் கேட்டால் சொல்லிவிடலாம் என்று சொல்லை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு திரிந்தான். கேட்க ஆளில்லை. கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் கனடாவில், மீதிப்பேர் கம்பஸில். தகப்பன் முருகேசு விடிய லான்ட்மாஸ்டர் உழவு மெசினைக் கொண்டு அச்சுவேலித் தோட்டங்களுக்கு உழப் போனால் பொழுதுபடத்தான் வருவார். “சாப்பிட்டியோ?” என்பார். “ஓம்” என்பான். வீட்டில் நாள் முழுவதும் நடக்கிற கதை அவ்வளவுதான்.

ஆற்றங்கரையில் ஒரு நாள் ஒருவர் படகு என்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நிருஷன் போய்க் குந்தி, திருகுசாவியை வாங்கி, அடைப்பை எடுத்துவிட்டான். என்ஜின் இரைந்தது. மனிதர் மகிழ்ந்துபோவார், இன்னும் இரண்டு வார்த்தை கதைப்பார் என்று பார்த்தால், சாவியை மெல்ல அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். “உமக்கேன் தம்பி உந்த எண்ணைப் பிசுக்கு? நீர் கம்பஸ் பெடியன் எல்லே.” மரியாதையாகத்தான் சொன்னார். நிருஷனுக்கு அழுகை வந்துவிட்டது. ஆற்றுத் தண்ணீரில் கையைக் கழுவுகிற சாட்டில் முகத்தையும் கழுவிக்கொண்டு வந்தான்.

பனர் போனால் பாதிச் சுமை போகும் என்று நினைத்து, சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற இளையதம்பியிடம் ஒருமுறை சாடையாகக் கேட்டுப் பார்த்தான். கழகத்தின் தலைவரும் அவர்தான்.

“அண்ணை, உது பழசாப் போச்சு, கழட்டுவமே?”

“அடுத்த றிசல்ட்ஸ் வரட்டும் தம்பி. புதுசு கட்டேக்கை கழட்டுவம்.”

றிசல்ட்ஸ் வந்தது. அந்த வருடம் ஊரில் ஒருவருக்கும் மருத்துவமும் இல்லை, பொறியியலும் இல்லை. பனர் தப்பியது. மார்கழிக் காற்றுக்கு ஒரு பக்கக் கயிறு அறுந்து முகம் மடிந்து தொங்கியது. அப்பாடா என்று இருந்தது நிருஷனுக்கு. மறுநாள் பார்த்தால், யாரோ நீல நைலோன் கயிற்றால் முன்னையைவிட இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

அந்த நிலைமையில்தான் மதுரா வந்தாள். பின் ஒழுங்கையில், படகுக்குப் போகிறவர் ஒருவரின் மகள். அந்த ஒழுங்கையிலிருந்து கம்பஸுக்குத் தெரிவான முதல் பிள்ளை அவள்தான். கிழக்குப் பக்கத்துக் கம்பஸ் ஒன்றில் கலைப்பிரிவு கிடைத்திருந்தது. உள்ளே வரச் சொல்லியும் வராமல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நிருஷன் அண்ணை, கம்பஸுக்கு என்னென்ன கொண்டுபோகோணும்?”

வாளி, படுக்கை விரிப்பு, பூட்டு என்று அவன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். சொல்லும்போது தான் கட்டிக்கொண்டு போன பெட்டி நினைவுக்கு வந்தது.

“உமக்கும் சந்தியிலை பனர் கட்டுவினம்” என்றான், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

“இல்லை அண்ணை. அம்மா போய்க் கேட்டவ. கலைக்கு அடிக்கிறேல்லையாம். அதோடை உங்கடை தொங்குதாம், இடமும் இல்லையாம்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். “எனக்கு அது தேவையில்லை. அம்மாதான் இருந்து அழுறா.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அண்ணை, அங்கை போய்ப் பாடம் விளங்காட்டி ஆரிட்டைக் கேக்கிறது?”

நிருஷன் படலைக்குக் கிட்ட வந்தான்.

“ஆரிட்டையெண்டாலும் கேளும். வெக்கப்படாமல் கேளும்” என்றான். “பகிடி பண்ணினாலும் விடாமல் கேளும்.”

அவள் போனதும் குசினிக்குள் போய்க் கத்தியை எடுத்தான். தாய், “எங்கை மோனை?” என்று கேட்கக் கேட்க, படலையைத் திறந்து வலப்பக்கம் திரும்பினான்.

பின்னேரச் சந்தி. தேத்தண்ணிக் கடையில் வழக்கமான ஆட்கள். நிருஷன் வாசிகசாலை மதிலில் ஏறி நின்று, நீலக் கயிற்றை அறுத்தான். கத்தி விரலையும் ஒரு கீறுக் கீறியது. பிறகு மின்கம்பப் பக்கம் போய் அங்கே கட்டியிருந்த கயிற்றையும் அறுத்தான். பனர் சடாரென்று றோட்டில் விழ, ஓட்டோ ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு விலத்திப் போனது.

“என்னடா தம்பி செய்யிறாய்?” இளையதம்பி கடையைவிட்டு இறங்கி வந்தார்.

“நான் கம்பஸை விட்டிட்டன், அண்ணை. ஸ்ரைக்கும் இல்லை, ஒண்டும் இல்லை. சோதினை ஃபெயில். நான் இனிப் போகமாட்டன்.” ஒரு வருடம் வாய்க்குள் கிடந்ததை நடுச்சந்தியில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். ஊர் இடிந்து விழும் என்று காத்துக்கொண்டு நின்றான்.

ஊர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது. ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அது எங்களுக்குத் தெரியுமடா” என்றார் இளையதம்பி, மெதுவாக. “நீ வந்து கொஞ்ச நாளிலையே தெரியும்.”

“தெரியுமோ? எல்லாருக்குமோ?”

“இந்த ஊரிலை தெரியாமல் என்ன கிடக்கு?”

“பிறகேன் ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை?”

“கேட்டா உனக்கு நோகும் எண்டுதான்.”

நிருஷனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நொந்திருக்கும், உண்மைதான். ஒரு கிழமை நொந்திருக்கும். அதற்குப் பயந்து ஊர் முழுக்கச் சேர்ந்து அவனை ஒரு வருடம் தனிய விட்டிருக்கிறது! பாவம் பார்த்தார்களாம், பாவம்.

“தெரிஞ்சுகொண்டே இதை ஏன் திரும்பக் கட்டினனீங்கள்?”

“நாங்கள் கட்டேல்லை. அந்த நீலக் கயிறு ஆரின்ரை எண்டு பார்” என்றார் இளையதம்பி. “கொப்பர் முருகேசுதான் கழட்ட வேண்டாம் எண்டவர். காத்துக்கு விழுந்தாப்போலை விடியக்காலமை வந்து கட்டினதும் அவர்தான்.”

நிருஷன் பனரைச் சுருட்டித் தோளில் போட்டான். நாலடி போய்விட்டுத் திரும்பினான். “மதுராவின்ரை படத்தைக் கட்டுங்கோ, அண்ணை. இப்ப இடம் இருக்கு.”

வீட்டு முற்றத்தில் முருகேசு லான்ட்மாஸ்டரைக் கழுவிக்கொண்டு நின்றார். மகனுடைய தோளில் இருந்ததைப் பார்த்தார். குழாயை நிறுத்தவில்லை.

“கழட்டிப்போட்டியோ?”

“ஓம். உங்களுக்கும் தெரியுமாம். பிறகேன் கட்டி வச்சனீங்கள்?”

“கழட்டினா ஏன் எண்டு ஆரும் உன்னைக் கேட்டிடுவினம் எண்டுதான்” என்றார் முருகேசு.

“ஆர் உங்களுக்குச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நான் வந்து பாத்தனான்.”

நிருஷன் பனரை நிலத்தில் போட்டான்.

“நீ போன் எடுக்காமல் விட்ட நேரம். லான்ட்மாஸ்டருக்குச் சாமான் வாங்கப் போறன் எண்டு கொம்மாவுக்குச் சொல்லிப்போட்டுக் கொழும்புக்கு வந்தன். விடிய வந்து கம்பஸ் வாசல்லை நிண்டனான். அங்காலை, பஸ் நிக்கிற கொட்டிலுக்கை நீ இருந்தாய். பை மடியிலை. பெடியள் எல்லாம் உள்ளை போறாங்கள், நீ அவங்களைப் பாத்துக்கொண்டு இருக்கிறாய். மத்தியானமும் பாத்தன், எழும்பேல்லை. பின்னேரமும் அங்கைதான்.”

“நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?”

“றோட்டுக்கு இங்காலை. மரத்துக்குக் கீழை.”

“நாள் முழுக்கவோ?”

முருகேசு தலையை மட்டும் ஆட்டினார். “ரண்டுதரம் றோட்டைக் கடக்க வெளிக்கிட்டனான், தம்பி. என்னைக் கண்டா நீ வெக்கப்பட்டுப் போவாய் எண்டு நினைச்சிட்டு, இரவு பஸ்ஸுக்கு வந்திட்டன்.”

தண்ணீர் லான்ட்மாஸ்டர் சில்லில் பட்டு, முற்றத்தில் ஓடி, பனரின் கீழே போனது.

“வந்திருக்கலாம், அப்பா” என்றான் நிருஷன்.

முருகேசு குழாயைப் பூட்டினார்.

“ஓம் தம்பி” என்றார். “வந்திருக்கலாம்.”