கதவில் இருந்த பாதி வரி

திருப்பதியில் நான் கேமராவைத் தூக்கினால் போதும், யாராவது ஓடி வருவார்கள். "நீங்க வண்டிகிட்ட நில்லுங்க மேடம், நான் எடுத்துத் தர்றேன்." பூஜை போட நிறுத்திய புது ஸ்போர்ட்ஸ் காராக இருந்தாலும் சரி, கல்யாண மண்டப வாசலில் நிற்கும் அந்தக் காலத்து வண்டியாக இருந்தாலும் சரி, ஒரு பெண் வண்டிக்காகவே வண்டியைப் படம் எடுப்பாள் என்று ஒருத்தருக்கும் தோன்றாது. சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். கோபத்தை நான் சில்லறையாகச் செலவழிப்பதில்லை. புத்தூர்ப் பக்கத்து மாந்தோப்பு ஒன்றில்தான் மொத்தமாகச் செலவழித்தேன்.

அந்தத் தோப்புக்காரர் வீட்டு பிளஷர் காரைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கதை உண்டு. நாங்கள் அதே ஊர்க் காலனி. என் அத்தை, நைனாவின் அக்கா, பிரசவ வலியோடு மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே செத்துப்போனாள். "காரைக் கேட்டோம். உங்க ஆளுங்கள ஏத்தமாட்டோம்னுட்டாங்க" என்பார் நைனா. "யாரு போயி கேட்டாங்க? அல்லாரும் பயந்துக்கினு நின்னோம்" என்பார் சித்தப்பா. இரண்டு பேரும் அப்போது சின்னப் பிள்ளைகள். ஜாத்திரைக்கு ஜாத்திரை இதே சண்டை.

அந்தக் கார் இன்னும் கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். பழைய தோப்புக்காரரின் பேரன்தான் இப்போது வீட்டுக்குப் பெரியவர். நான் யார் வீட்டுப் பெண் என்று சொன்ன பிறகும் முகம் மாறாமல் ஷெட்டைத் திறந்துவிட்டார். மாங்காய்க் கிரேட்டுகளுக்குப் பின்னால் கார். வெளுத்த பச்சை, அங்கங்கே துரு. டிரைவர் பக்கக் கதவில், தூசிக்கு அடியில், கையால் எழுதிய தமிழ்: "இந்த வண்டியில் யாரையும்". அதற்கு மேல், நான் ஒருத்தியாக நகர்த்த முடியாத கிரேட்டுகள் மறைத்தன.

இருட்டில் படமும் விழவில்லை. "ஞாயித்துக்கிழமை வர்றேன்ணா. வெளிய தள்ளி வையுங்க. தூசியக்கூடத் துடைக்காதீங்க" என்று கெஞ்சிவிட்டு வந்தேன். எழுத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அவர்கள் வீட்டு வண்டிக் கதவில் இருப்பது அவர்களுக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை கார் வெளியே நின்றது. செக்கச்செவேல் என்று புதுப் பெயிண்ட், சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். கதவில் என் முகம் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"துடைக்க வேணாம்னு சொன்னேனேண்ணா."

"போட்டோ புடிக்க வர்றாங்க, அழுக்கு வண்டிய நிறுத்தினா நல்லாவா இருக்கும்? உப்புத்தாள் போட்டுத் தேச்சி, ரெண்டு கோட்டு அடிச்சோம்."

"கதவுல எழுத்து இருந்துச்சே."

"எழுத்தா? ஏதோ கீறல்னு நெனச்சோம்மா."

நான் திருத்தணியில் சித்தி வீட்டில் தங்கித் தமிழ் படித்தவள். இவர்கள் பேசுவது தமிழ், திட்டுவது தமிழ், சாமி கும்பிடுவதும் தமிழ். படித்தது மட்டும் தெலுங்கு. அதில் தப்பே இல்லை. ஆனால் தெரியாததையெல்லாம் அழுக்கு என்று தேய்த்து எடுத்துவிடுவதா? அதற்கு மேல் சந்தனம் வேறா? அவர் வாசலிலேயே நின்று கத்திவிட்டேன். எங்கள் காலனியிலிருந்து அந்த வாசலில் யாரும் அப்படிக் கத்தியதில்லை.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "தாத்தா இன்னா எழுதிவெச்சிருந்தாரு?" என்று மட்டும் கேட்டார். பாதி வரியைச் சொன்னேன். அத்தை கதையையும் சொன்னேன்.

"யாரையும் ஏத்தாதன்னா, யாரையும் ஏத்தாம போவாதன்னா?"

"அதப் பாக்கத்தான் வந்தேன்."

அவர் அந்தக் கதவைத் திறந்து பிடித்தார். "எதுவா இருந்தா இன்னாம்மா, நீ ஏறி உக்காரு. நான் எடுத்துத் தர்றேன்."

என் அத்தையிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. ஒருவேளை அந்தக் கதவே அதைச் சொல்லிக்கொண்டிருந்து, எங்களிலும் படிக்க ஆளில்லாமல் போனதோ? நான் ஏறவில்லை. ஒரு படமும் எடுக்கவில்லை. வரும் ஜாத்திரைக்கும் நைனாவும் சித்தப்பாவும் சண்டை போடுவார்கள். இனி அதைத் தீர்த்துவைக்க யாராலும் முடியாது.